மாப்பிள்ளை வாள்

அவளுக்குப் பக்கத்து மணையில் வாளை உட்கார்த்தி மாலை போட்டார்கள்.

மாப்பிள்ளை போர்க்களத்தில் இருக்கிறாராம். வர முடியாதாம். அவருக்குப் பதில் அவருடைய வாள். தாலியை அவருடைய அக்காள் கட்டிவிடுவாள். பாளையக்காரர் வீட்டில் அதுதான் வழக்கம்.

அவள் தலை குனிந்துகொண்டாள். குனிந்தால் வாள் நன்றாகத் தெரிந்தது.

பிடியில் தங்கக் கிளிகள். பிடியின் உள்பக்கம், கை படும் இடத்தில் சிவப்பு வெல்வெட் மெத்தை. அதில் ஒரு விரல் அழுக்குக்கூட இல்லை. அலகைப் பார்த்தால் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கியதாகவும் தெரியவில்லை.

தூ.

களத்துக்குப் போகும் வாள் எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது? அண்ணன் முத்திருளனின் வாளைத் துடைத்து வைப்பவளே அவள்தான். கனத்த பட்டை இரும்பு. கேடயங்களில் மோதி மோதி அலகு பல் பல்லாகப் பெயர்ந்திருக்கும். பிடித்துணி வேர்வையில் கறுத்து, எத்தனை முறை தோய்த்தாலும் நாறும்.

அந்த வாளோடுதான் அண்ணன் போன மாதம் இந்த மாப்பிள்ளையின் படையில் வடக்கே போனான். ராசாவே முன்னால் நிற்கிறார், எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஊருக்கே கேட்கும்படி பெருமையடித்துக்கொண்டிருந்தார். சண்டை என்று வந்துவிட்டால் ராசா கையைவிட்டு இறங்காத வாளாம் இது. வேறு வாளைத் தொடவே மாட்டாராம்.

பந்தலே தலையாட்டியது. சோற்றுக்கு வந்த தலைகள், ஆட்டத்தானே செய்யும்.

மஞ்சள் கயிறு கழுத்தில் பட்டது.

அவள் நிமிர்ந்தாள்.

“வாள் இங்க இருக்கே மதினி. அங்க உங்க தம்பி கையில என்ன இருக்கு?”

தவில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டு நின்றது.

மதினி தாய்மாமனைப் பார்த்தாள். அவர் தாம்பாளத்து வெற்றிலையைப் பார்த்தார். களத்தில் இருப்பவனைப் பற்றிக் கேட்டால் இப்படியா முழிப்பார்கள்?

அவளுடைய அப்பா எழுந்தார். ஒரு காலை இழுத்து நடக்கும் பழைய சிப்பாய். பெரிய இடத்துச் சம்பந்தம் என்று காலையிலிருந்து வாளை உற்றுப் பார்க்காமலே இருந்தவர்.

இப்போது எடுத்துப் பார்த்தார். மாலையை உருவிப் போட்டார். பந்திக்கு வாழையிலை அறுத்துக்கொண்டிருந்தவனிடம், இதால் அறு என்று வாளை நீட்டினார்.

வாசலுக்குப் போய்க் குதிரைக்குத் தானே சேணம் கட்டினார். முத்திருளனைக் கூட்டி வருகிறேன் என்றார்.

குதிரை வடக்கே திரும்பியது.

பந்தலுக்குப் பின்னால், வாழையிலை அறுபடாமல் நார்நாராகக் கிழிந்துகொண்டிருந்தது.