மண்ணுக்கடியில் விழிக்கும் பெட்டி

மலைச்சரிவு அசைந்தால் சைரனை அலறவைக்கும் அந்த சென்சார் பெட்டி, முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி விழித்தால் பேட்டரி மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். புது பேட்டரி மாட்ட, அட்டைகள் ஊரும் சரிவில் ஏற வேண்டியவள் ஹெலன்தான். மழை தொடங்கியதும் அவள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அதன் தூக்கத்தை ஒரு மணி நேரமாக நீட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டி விழித்தது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுத் தூங்கியது. இரண்டு இருபதுக்குச் சரிவு இறங்கியது. மூன்று மணிக்கு மண்ணுக்கடியிலிருந்து அது தன் சாய்வைத் துல்லியமாகச் சொன்னது. அதன் பிறகே சைரன் அலறியது.

பெட்டிக்கு அருகில் களை வெட்டிக்கொண்டிருந்த சின்னராசுவைப் பன்னிரண்டு நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி பூவாயி மட்டும் தினமும் வந்து ஹெலனின் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மணிக்கொருமுறை பெட்டி விழிக்கும்போது அதில் ஒரு பச்சைப் புள்ளி மின்னி அணையும்.

"அவருக்குத் தொணைக்கு அது ஒண்ணுதாம்மா இருக்கு. எத்தன நாளைக்கு இப்படி முழிச்சு முழிச்சுப் பேசும்?"

ஹெலன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே, "மூணு வருஷம் வரும்க்கா" என்றாள்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு அவரு சொல்லுவாரே."

"அப்ப அப்படி இருந்துச்சு. இப்ப மாத்தி வச்சிருக்கு."

பூவாயி அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"யாரு மாத்துனாங்களோ, நல்லா இருக்கட்டும்."