பாதியில் நின்ற படம்

கணக்குப்பிள்ளை வாயைத் திறந்ததும் ஆசிரியை படத்தை நிறுத்தினார்.

வகுப்பு மொத்தமும் "ச்சே" என்று அலுத்துக்கொண்டது.

நன்னெறி வகுப்பில் அவர் எப்போதும் இப்படித்தான். சுவாரசியமான இடம் வரும்வரை ஓடவிட்டு, டக்கென்று நிறுத்திவிடுவார். முடிவை நீங்களே சொல்லுங்கள் என்பார். வேறு பள்ளிக்காரர்கள்கூட வந்து பார்த்து, ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

படத்தில், கிடங்கு எரிந்த பழி காவலாளி தலையில் விழுந்திருந்தது. சிகரெட்டை அணைக்காமல் வீசியது யார் என்று கணக்குப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். வீசியவன் அவருடைய சொந்தத் தம்பி.

வேறு படம் போட்டிருக்கலாம். ஆனால் பருவத் தொடக்கத்திலேயே பட்டியலைச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. இப்போது மாற்றினால் ஏன், எதற்கு என்று குடைவார்கள்.

முன்வரிசையில் ஓர் இடம் காலி. தேர்வுக்கு முன்பே வினாத்தாளின் படம் அங்கே உட்காரும் பெண்ணின் கைப்பேசியில் இருந்தது. யார் அனுப்பியது என்று எவ்வளவோ மிரட்டிப் பார்த்தார்கள். அவள் தோழியைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்று மாலை அவளுடைய அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்க வருகிறார்.

வினாத்தாளைத் தயாரித்தது இந்த ஆசிரியைதான். அனுப்பியது யார் என்பதும் அவருக்குத் தெரியும். யாரிடமும் மூச்சு விடாதே என்று அனுப்பியவளிடம் சொல்லிவைத்தவரே அவர்தான். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் முதல்வர் கேட்டபோது, தெரியாது என்று சாதித்துவிட்டார்.

"கணக்குப்பிள்ளை உண்மையச் சொல்லணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

சடசடவென்று கைகள் உயர்ந்தன. அடுத்தவர் தம்பி என்றால் எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது.

காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் மட்டும் கை தூக்கவில்லை. எழுந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

ஆசிரியை அவளிடம் உட்கார் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் உட்காரவில்லை.

"சொல்லிடலாம் அம்மா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வீட்டில்தான் அம்மா, பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் டீச்சர் என்று மகளுக்கு முதல் நாளே அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

சிரிப்பு அடங்கியது. மகள் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள்.

ஆசிரியை என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"இங்க டீச்சர்னு கூப்பிடு" என்பதுதான் வந்தது.