கம்பவுண்டர் நல்லவர்

அவள் பேசுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

மடியில் புத்தகம். அட்டையில் பழைய காலத்துத் துறைமுகம். வெள்ளைச் சேலையில் ஒரு டாக்டரம்மா, கையில் மருந்துப் புட்டி.

கதை வெள்ளைக்காரன் காலத்தில் நடக்கிறது. டாக்டரம்மா கொடுத்த மருந்தைக் குடித்து ஜமீன்தார் செத்துப்போகிறார். பொம்பளை வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் என்று ஊர் பேசுகிறது. மருந்தில் விஷம் கலந்தது யார்?

கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அதைப் பற்றித்தான்.

"எட்டாவது அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சிட்டேன். கம்பவுண்டர்தான்," என்றார் எபனேசர் சார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எட்டா? அவன் உள்ள நுழையும்போதே எனக்குத் தெரியும்," என்றார் மெடிக்கல் கடை சண்முகவேல். "எங்க வர்க்கத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. கம்பவுண்டர் என்றதும் நெஞ்சு இன்னும் சுருக்கென்றது.

ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்கும் ஏழைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவர். டாக்டரம்மாவை ஊரே ஏசியபோது குடை பிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டவர். அவர் வருகிற பக்கங்களை அவள் கொஞ்சம் வேகமாகவே படித்தாள்.

மழைக்கு உப்பளம் அடைத்தபோது எடுத்த புத்தகம். மறுபடி உப்பு வாரத் தொடங்கிய பிறகுதான் முடிந்தது.

ஐம்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து. கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கலங்கிய கண். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். விரலை வைத்து இறக்கிவிட வேண்டும்.

அந்த விரலுக்கடியில் ஒருநாள் டாக்டரம்மா குற்றவாளிக் கூண்டில் ஏறினாள்.

அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துப்போனது.

கம்பவுண்டர்தான் என்று தெரிந்த மறுநாள் உப்பளத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. கூட உப்பு வாரியவள், "யாருக்கா செத்தது?" என்று கேட்டாள்.

"யாரும் சாவல. ஒருத்தர நல்லவர்னு நெனச்சிருந்தேன்."

வீட்டுக்காரனைச் சொல்கிறாள் என்று நினைத்து, கேட்டவளும் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அடுத்து நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் நூலகர் ஞானசெல்வி.

சொல்ல வேண்டியதை அளத்துக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். கூண்டில் நின்றபோதும் டாக்டரம்மா தலை குனியவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னாள். அதைச் சொல்வதாகத்தான் இருந்தது.

எழுந்தாள்.

முன்வரிசையில் இருந்த ராஜகனி டீச்சர் திரும்பிப் பார்த்தாள். கெட்டவள் இல்லை. பாசமாகத்தான் கேட்டாள்.

"ஏம்மா, இம்புட்டுப் பெரிய புத்தகம்லா. மக வாசிச்சுக் கதை சொன்னாளோ?"

சேர்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் போய்விட்டது.

இல்லை என்று சொன்னால் போதுமா? யார் நம்புவார்கள்? ஒரு பக்கம் படித்துக் காட்டலாம். இத்தனை பேர் முன்னால் நாக்கு தட்டும். தட்டினால் டீச்சர் கேட்டதே சரியென்று ஆகிவிடும்.

உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

உட்காரவில்லை.

"டீச்சர், எம் மவ கதை சொன்னா, கொன்னவன் யாருன்னு மொதல்லயே சொல்லிருவா. சினிமா பாத்துட்டு வந்தாலும் அப்படித்தான். எங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான். முடிவு தெரியாம நான் ஒரு கதையும் கேட்டது கெடையாது."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"இதுல கம்பவுண்டர நல்லவர்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் நெனச்சேன். டாக்டரம்மாவுக்கும் அவருக்கும் கல்யாணம் ஆயிரும்னுகூட..."

வெட்கம் வந்தது. விடவில்லை.

"வாசிக்கத் தெரியாதவன்னு எத்தனையோ பேரு என்னைய ஏமாத்தியிருக்காவ. இது அப்படி இல்ல, டீச்சர். இது நானே வாசிச்சு, நானே ஏமாந்தது."



சண்முகவேல்தான் முதலில் வாய் திறந்தார். "இந்தப் புத்தகத்தை எழுதுனவரு இங்க வந்தா நம்ம யாரையும் திரும்பிப் பாக்க மாட்டாரு, சார். நேரா இந்த அம்மா கையத்தான் பிடிப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அவளும்.

ராஜகனி டீச்சர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இங்கன வந்து உக்காருங்க."

முன்வரிசை. அவள் போய் உட்கார்ந்தாள். முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

அடுத்த புத்தகத்தை ஞானசெல்வி மேஜையில் வைத்தாள். அதே டாக்டரம்மா. இந்த முறை கப்பலில் ஒரு கொலை.

"இதை நான் போன வருசமே வாசிச்சிட்டேன்," என்றார் எபனேசர் சார். "இதுல யாருன்னு கேட்டீங்கன்னா, அந்தக் கப்பல்ல சமையல்..."

அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

உப்பு அறுத்த உள்ளங்கைகள். நன்றாக இறுக்கி.

சார் நிறுத்திவிட்டார்.

அவள் கையை எடுக்கவில்லை. அட்டையைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு எழுத்தாக.