ஒற்றைச் சாட்சி

பழைய அரசுகளின் வரலாற்றேடுகளை ஆய்வுக் குழுவினர் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, அவற்றில் வரும் போர், பஞ்சம், வால்நட்சத்திரம் எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதி, ஆண்டுவாரியாக ஒரே சுவரில் குத்திக்கொண்டிருந்தார்கள். குழுவுக்குத் தலைவரான வேதமாணிக்கம் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு சம்பவத்தை இரண்டு ஏடுகளாவது சொல்லியிருக்க வேண்டும். ஒற்றைச் சாட்சி அட்டை மூலையிலுள்ள பிரம்புக்கூடைக்குப் போய்விடும்.

கூடை நிரம்பி வழிந்த ஒரு மத்தியானம், அதை ஒழிப்பதற்காகக் குழுவிலிருந்த பூங்கோதை தரையில் கவிழ்த்தாள். பேசிய கன்றுக்குட்டி, ராத்திரியில் காய்ந்த சூரியன். சிரித்தபடி புரட்டியவளின் கை ஓர் அட்டையில் நின்றது. 'பறவைகள் பறக்காமல், நடந்தே ஊரைவிட்டுப் போயின.' அதே செய்தி இன்னோர் அட்டையிலும் இருந்தது. வேறு கையெழுத்து, வேறு நூற்றாண்டு, கடலுக்கு அப்பால் வேறு ஊர். தேடத் தேட இன்னும் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அட்டையை எழுதியவர் ஒரு குறிப்புப் போட்டிருந்தார்: 'இதுவே கடைசி வரி. இதன்பின் ஏட்டில் எழுத்தில்லை.'

"சார், இதையெல்லாம் சுவர்ல ஏத்தலாமா?"

"ஒரே ஊரைப் பத்தி ரெண்டு பேர் சொல்லணும்மா. அதானே நம்ம பேச்சு?" வேதமாணிக்கம் தலையைத் தூக்கவில்லை.

பூங்கோதை அட்டைகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தைக் கடந்து காகங்கள் நடந்துகொண்டிருந்தன. பின்னால் மைனாக்கள், புறாக்கள். ஒன்றுகூடச் சிறகை விரிக்கவில்லை, கத்தவில்லை.

"சார், கொஞ்சம் எந்திரிச்சு இங்க வாங்களேன்," என்றாள். "நம்ம ஊருக்கு இன்னொரு சாட்சி வேணும்."