எத்தனை உயிர்

அந்தச் சின்ன விமான நிலையத்தின் வானிலை மேசையில் இருந்த அதிகாரி அம்மா பயணத் தாளின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டதும், பட்டறைக்காரனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

மலை இடுக்கு வழியே போனால் ஐம்பது நிமிடம். கடலோரமாகச் சுற்றினால் இரண்டரை மணி நேரம். நான்கு மணிக்கு அப்பாவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். இப்போதே மணி இரண்டு.

"மலை மேல மேகம் கட்டிடுச்சு. சுத்தித்தான் போகணும்" என்றார் அந்த அம்மா, புதுத் தாளை எடுத்துக்கொண்டே.

ஜன்னலுக்கு வெளியே குட்டி விமானம் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் விமானி சுவரில் சாய்ந்து தலையைச் சொறிந்தார். "குலுக்கி எடுத்துடும். ஆனா நுழைஞ்சிடலாம்" என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

அந்த அம்மாவும் அதுவரை யோசித்துக்கொண்டுதான் இருந்தார். எடை மேடையில் ஏறிய அவன் தங்கையிடம் ஏதோ காதோடு கேட்டார். அவளும் காதோடு பதில் சொன்னாள். அதன் பிறகுதான் இந்தச் சிவப்புக் கோடு.

"ஓட்டுறவரே போகலாம்கிறார். உட்கார்ந்த இடத்துல கோடு கிழிக்கிற உங்களுக்கு என்னம்மா? உங்க அப்பாவா இருந்தா இப்படிக் கிழிப்பீங்களா?"

பேனா மட்டும் ஓடியது.

"விடுண்ணா" என்று தங்கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறினான்.

அவளுக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துகிறான்? அப்பா உள்ளே போகும் முன் அவரிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும் என்று மூன்று நாளாக உயிரை எடுக்கிறவள் அவள்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் எதற்கும் இப்படி அடம்பிடித்ததில்லை. என்ன விஷயம் என்றால் வாய் திறக்கமாட்டாள். போனில் சொல்லேன் என்றாலும் கேட்கமாட்டாள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாளாம்.

புதுத் தாள் அவன் பக்கம் திரும்பியது.

"சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

வழி. எரிபொருள். நேரம். அடியில் 'உயிர்கள்' என்று ஒரு கட்டம். அதில் 4.

நூலளவு பிசகினாலும் திருகாணியைக் குப்பையில் எறிகிறவன் அவன். மேசையை ஓங்கித் தட்டினான்.

"விமானி ஒண்ணு, நான் ஒண்ணு, இவ ஒண்ணு. மூணு பேரை எண்ணத் தெரியல, நீங்க மேகத்தைப் பத்திப் பேசுறீங்களா?"

விமானி கூரையைப் பார்த்தார். அந்த அம்மா தங்கையைப் பார்த்தார். கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

அவன் பேனாவைப் பிடுங்கினான். தாள் கிழியும்படி அழுத்தி 4-ஐ அடித்தான். பக்கத்தில் கொட்டையாக 3 போட்டான்.

தங்கை அவன் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல உருவினாள். குனிந்து, அந்த மூன்றை அடித்துவிட்டு, எழுத்தாலேயே 'நான்கு' என்று எழுதினாள்.

எழுதும்போது அவளுடைய இடது கை வயிற்றின்மேல் இருந்தது.

திறந்த வாய் திறந்தபடி நின்றான் பட்டறைக்காரன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தான்.

"நின்னுக்கிட்டே இருக்கியே, உட்காரேன்!" என்று அவளை அதட்டினான்.

அந்த அம்மா தாளில் முத்திரை குத்தினார். மேசைமேலிருந்த தொலைபேசியை, வயர் எட்டுமா என்று பார்த்துப் பார்த்துத் தங்கையின் பக்கம் நகர்த்தினார்.

மணி இரண்டு பத்து. அவள் ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள்.

"அப்பா" என்றாள். "முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு இருந்தேம்ப்பா."