தெருவில் நடக்காத ஷூ

முதல் நாளே பஞ்சாட்சரத்தின் காலில் ரத்தம்.

உடற்பயிற்சி வகுப்பு சைக்கிளை வெறுங்காலோடு மிதித்தார். வேர்த்த பாதம் வழுக்கியது. தெரு சைக்கிள் என்றால் மிதிப்பதை நிறுத்தினால் பெடலும் நிற்கும். நின்ற இடத்திலேயே மிதிக்கும் இந்த சைக்கிளில் பெடல் சட்டென்று நிற்காது. சுற்றி வந்த பெடல் கெண்டைக்காலில் ஓங்கி அடித்தது.

பாட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள் வகுப்பு நடத்தும் லக்ஷணா.

"ஷூ எங்க அங்கிள்?"

"வெளியில கழட்டிட்டு வந்தேம்மா."

"கோயிலுக்கு வந்தாரு போலக்கீது" என்றான் பின்வரிசையில் ஒருவன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை.

"நெசவுக்காரங்க நாங்க. செருப்போட தறிக்குழியில எறங்க மாட்டோம். இதுவும் கால் வெச்சு மிதிக்கிறதுதானே? தெருவெல்லாம் சுத்துன ஷூவ வைக்க மனசு வரல."

"அதெல்லாம் சரி அங்கிள். ஷூ இல்லாம ஏறக்கூடாது. இன்னொரு தடவ அடிபட்டா யார் பதில் சொல்றது?"

பஞ்சாட்சரம் பிள்ளையார்பாளையத்தில் காலமெல்லாம் உட்கார்ந்தே நெய்தவர். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. நடக்கலாமென்றால் முட்டி விடவில்லை. டாக்டர் சொன்னது இந்த சைக்கிள் ஒன்றுதான். இதுவும் இல்லையென்றால் தினமும் ஊசி.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல். சின்ன காஞ்சிபுரத்து ரமாமணி மாமி. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதட்டல் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

"என்ன வேடிக்கை அங்கே? பெடலெல்லாம் ரத்தம்! முதல்ல அவரை ஆத்துக்கு அனுப்பு லக்ஷணா. மத்ததை அப்புறம் பேசலாம்."

பஞ்சாட்சரத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. துண்டால் காலைத் துடைத்தார். பெடலையும் துடைத்தார். போய்விட்டார்.

"பெரிய மனுஷன்னுகூட பாக்கல. மாமிக்கு மடி ஆசாரம்தான் பெருசு" என்று முணுமுணுத்தான் சற்றுமுன் சிரித்த அதே பின்வரிசைக்காரன்.

வீட்டில் மனைவி தில்லையம்மாள் கேட்டாள். "என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஒத்து வரல. ஊசியே போட்டுக்கிறேன்."

சாயங்காலம் போன் வந்தது. லக்ஷணா.

"அங்கிள், நாளையிலேர்ந்து புது ரூல். தெருச் செருப்பு வாசலோட சரி. உள்ள போடறதுக்குன்னு எல்லாரும் தனியா ஒரு ஜோடி ஷூ வெச்சுக்கணும். அது தெருவுல கால் வைக்காது. உங்களுக்குச் சம்மதமா?"

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்ப வரேம்மா."

மறுநாள் காலை. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஆளாளுக்குப் புது ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கொரு தண்டச் செலவு" என்று புலம்பினான் பின்வரிசைக்காரன்.

பஞ்சாட்சரம் தன் ஷூவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மண் இல்லை. ஹேண்டில்பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். லக்ஷணா சீட்டை உயர்த்தி, பெடல் வாரை இறுக்கிக் கொடுத்தாள்.

"நிறுத்தணும்னா சட்டுனு காலை எடுக்காதீங்க அங்கிள். மெதுவா குறைச்சுக்கினே வாங்க."

கடைசிப் பாட்டு வரைக்கும் மிதித்தார். சட்டை தொப்பலாகிவிட்டது. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"நீ நல்லா இருக்கணும்மா. நேத்து தொரத்தாத கொறையா அனுப்புனாங்க. நீ யோசன பண்ணி ரூலு போட்டு இட்டாந்துட்ட."

"அய்யோ, யோசனை என்னோடது இல்ல அங்கிள். உங்களுக்கு மட்டும் தனி ஷூன்னா நாலு பேர் சிரிப்பாங்க, நீங்க வர மாட்டீங்கன்னு எனக்குத்தான் திட்டு. எல்லாருக்கும் ரூல் போடு, இல்லேன்னா நானும் நின்னுடுவேன்னு ஒரே பிடிவாதம். உங்கள வெச்சுக்கினு இதைப் பேசினா உங்களுக்குக் கூச்சமா இருக்குமாம். அதான் முதல்ல அனுப்பச் சொன்னாங்க."

"யாரும்மா அது?"

லக்ஷணா முன்வரிசைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"மூச்சை விடுடி! பிடிச்சு வெச்சுண்டு என்ன பண்ணப் போறே?" என்று பக்கத்து சைக்கிள்காரியை விளாசிக்கொண்டிருந்தார் ரமாமணி மாமி.