முதலாம் போர்ட்

போட்டி நடக்கும் வெக்ஸ்போர்ட் மண்டபத்துக்குள் நுழைந்ததும் தில்லைநடேசன் தன் செஸ் அணியை ஏற இறங்கப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் அவருக்குக் கிள்ளுக்கீரை.

"முதலாம் போர்ட்டிலை, ஆகத் திறமான ஆளின்ரை மேசையிலை, நான்தான் இருப்பன்," என்றார் கப்டன் துஷ்யந்தியிடம். "எங்கட அப்பா ஐம்பதுகளிலை ஐரோப்பாவுக்குப் போய், நாடுகளின்ரை செஸ் போட்டியிலை முதலாம் போர்ட் விளையாடினவர். உவையள் மாதிரி நாலாம் போர்ட் பரம்பரையில்லை நாங்கள்."

"ஓம் அண்ணை, நீங்களே இருங்கோ," என்றாள் அவள் உடனே. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்று எண்ணிக்கொண்டார்.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த சபாநாதன், அப்பாவின் அணியில் நாலாம் போர்ட் ஆடியவர். தொண்ணூறைத் தாண்டிய அவருடைய கையைத் தில்லைநடேசன் வேண்டாவெறுப்பாகப் பிடித்தார்.

"அங்கிள், எங்கட அப்பாவை ஞாபகமிருக்கோ? உங்களுக்கெல்லாம் மேலை இருந்தவர்."

"மறப்பனே தம்பி? தங்கமான மனுசன். செஸ்தான் வராது," என்று கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். "முதலாம் போர்ட்டுக்கு எதிரணியின்ரை பெரிய ஆள்தான் வருவான். ஆர் இருந்தாலும் தோல்விதான். அதாலை எங்களுக்குள்ளை ஆக மோசமான ஆளை அங்கை இருத்திப்போட்டு, மற்ற மூண்டு போர்ட்டிலையும் நாங்கள் வெண்டனாங்கள்."

தில்லைநடேசன் விருட்டென்று துஷ்யந்தியின் பக்கம் திரும்பினார்.

அவள் முதலாம் போர்ட்டின் கதிரையை மரியாதையாக இழுத்துவிட்டாள்.

"இருங்கோ அண்ணை. பரம்பரை இடம்தானே?"